தென்னாட்டுத் திரைக்கலையின் முன்னோடி நடராஜ முதலியார்

நுழையும்முன்

இன்று ஒரு திரைப்படத்தைக் கைப்பேசியிலேயே எடுத்து, தொகுத்து, உலகின் எந்த மூலைக்கும் அனுப்பிவிட முடிகிறது. நூறாண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. படம் எடுக்கக் கருவி இல்லை. கற்றுத்தரப் பள்ளி இல்லை. எடுத்த படச்சுருளைக் கழுவித்தர ஆய்வகமும் சென்னையில் இல்லை. அந்தச் சூழலில் தமிழ் நடிகர்களைக் கொண்டு முதல் முழுநீளக் கதைப்படத்தை உருவாக்கிய ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் விவரிக்கிறது. வெற்றியும் பேரிழப்பும் கலந்த வாழ்க்கை அது.

போர்க்காலச் சென்னை

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு மழை பொழிந்தது. கரையோரத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அத்தீயின் வெளிச்சம் வடசென்னை வானத்தைச் செந்நிறமாக்கியது. அஞ்சிய மக்கள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டு வெளியேறினர். முதல் உலகப்போரின் வெம்மையைச் சென்னை நேரடியாக உணர்ந்த இரவு அது. கடல்வழி வணிகம் தடுமாறியது; இறக்குமதிப் பொருள்களின் வரவு உறுதியற்றதாயிற்று.

அதற்கடுத்த ஆண்டிலேயே, அதே நகரத்தில், வெளிநாட்டுப் படச்சுருளை நம்பி நடத்தவேண்டிய ஒரு தொழிலை ஒரு வணிகர் தொடங்கினார். அவர்தாம் ஆர். நடராஜ முதலியார்.

சென்னைக்குத் திரைப்படம் அப்போது முற்றிலும் புதியதன்று. 1897ஆம் ஆண்டில் விக்டோரியா பொது மண்டபத்தில் எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் அசையும் படத்துண்டுகளைக் காட்டினார். 1905ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். ரகுபதி வெங்கையா 1914ஆம் ஆண்டில் கெயிட்டி திரையரங்கைக் கட்டினார். தொடர்ந்து, வடசென்னையின் தங்கசாலைத் தெருவில் கிரவுன் அரங்கும் புரசைவாக்கத்தில் குளோப் அரங்கும் அவரால் எழுந்தன. கட்டணம் செலுத்திய எவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே காட்சியைக் காணும் புதிய பொதுவெளி உருவாகி வந்தது.

ஆயினும், அவ்வரங்குகளில் ஓடிய படங்கள் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பம்பாயிலிருந்தோ வந்தவை. காட்டுவோர் இங்கு இருந்தனர், காண்போரும் இருந்தனர், எடுப்போர் இல்லை. அக்குறையை நிரப்பியவர் நடராஜ முதலியார்.

வேலூரிலிருந்து சென்னைக்கு

நடராஜ முதலியார் 1885ஆம் ஆண்டு வேலூரில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். தொழில் செய்யும் நோக்குடன் சென்னைக்கு வந்தார். உறவினர் ஒருவருடன் சேர்ந்து மிதிவண்டி வணிகத்தில் ஈடுபட்ட அவர், பின்னர் மோட்டார் வண்டி வணிகத்திற்கு மாறினார். வண்டிகளையும் அவற்றின் உதிரி உறுப்புகளையும் விற்பது அவருடைய தொழிலாயிற்று. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் நிறைந்திருந்த நகரத்தில் மோட்டார் வண்டி அப்போது ஒரு விந்தை. இயந்திரங்களோடு பழகிய கைகளும், புதியதைக் கண்டு அஞ்சாத மனமும் அவருக்கு இத்தொழிலால் வாய்த்தன.

அக்காலத்தில் தாதாசாகிப் பால்கே பம்பாயில் உருவாக்கிய 'ராஜா ஹரிச்சந்திரா' 1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் திரையிடப்பட்டது. இந்தியரால் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படுவது அது. அதனைக் கண்ட நடராஜ முதலியாரின் உள்ளத்தில் ஆழ்ந்த மாற்றம் நிகழ்ந்தது. நம் நாட்டுக் கதையை நம் நாட்டு மனிதர்களே நடிக்க, நம் நாட்டவர் ஒருவரே படமாக்க முடியும் என்பதற்கு அப்படம் கண்கூடான சான்றாக விளங்கியது. பம்பாயில் முடிந்தது சென்னையில் ஏன் முடியாது என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

கற்றுக்கொண்ட வணிகர்

ஆசை மட்டும் இருந்தால் படம் வந்துவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். பூனா நகரில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் இருந்தார். கர்சன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்தைப் பதிவுசெய்த ஆவணப்படத்தில் பணியாற்றியவர் அவர். நடராஜ முதலியார் அவரிடம் ஒளிப்பதிவின் அடிப்படைகளையும் படமெடுக்கும் முறையையும் கற்றார். முப்பது வயதை நெருங்கிய, நிலைபெற்ற வணிகர் ஒருவர் மீண்டும் மாணவராக மாறிய செயல் எளிதானதன்று.

அன்றைய ஒளிப்பதிவுக் கருவி கையால் சுழற்றப்படுவது. நொடிக்கு இரண்டு சுற்று என்னும் சீரான வேகத்தில் கைப்பிடியைச் சுழற்றினால், நொடிக்குப் பதினாறு படங்கள் பதிவாகும். கை சற்றே தாமதித்தால் திரையில் மனிதர்கள் ஓடுவர். கை சற்றே விரைந்தால் அவர்கள் தவழ்வர். எடுக்கும்போது மெதுவாகச் சுழற்றியது காட்டும்போது விரைவாகத் தோன்றும் என்பதே இதன் காரணம். ஆகவே, ஒளிப்பதிவாளரின் கையே கடிகாரமாக இயங்க வேண்டியிருந்தது.

அக்காலப் படச்சுருளுக்கு மற்றொரு குறையும் இருந்தது. செந்நிறத்தை அது கருமையாகவும், நீலத்தை வெளிறியதாகவும் பதிவுசெய்யும். கண் காணும் அழகு வேறு. சுருள் காணும் அழகு வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து உடையையும் ஒப்பனையையும் அமைப்பது தனிக்கலையாக இருந்தது.

இந்தியா பிலிம் கம்பெனி

பயிற்சி முடிந்தது. இனிக் கருவி வேண்டும். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மூப்பனார் என்னும் பெருநிலக்கிழார் ஒருவரிடம் வில்லியம்சன் நிறுவனத்தின் 35 மி.மீ. ஒளிப்பதிவுக் கருவியும் படியெடுக்கும் கருவியும் இருந்தன. அவற்றை நடராஜ முதலியார் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினார். அக்காலத்தில் இது பெருந்தொகை.

1915ஆம் ஆண்டில் 'இந்தியா பிலிம் கம்பெனி' தோன்றியது. தென்னிந்தியாவின் முதல் திரைப்படத் தயாரிப்பு நிறுவனம் இதுவே. வணிக நண்பர்கள் சிலர் அவருடைய நேர்மையை நம்பி முதலீடு செய்தனர். புரசைவாக்கத்தில் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்புத் தளம் அமைக்கப்பட்டது. இன்று போக்குவரத்து நெரிசலில் நாம் கடந்து செல்லும் அச்சாலையில்தான் தென்னிந்தியத் திரைத்தொழிலின் முதல் அடி எடுத்து வைக்கப்பட்டது.

படச்சுருள் இலண்டனிலிருந்து வரவேண்டியிருந்தது. கோடாக் நிறுவனத்தின் பம்பாய்ப் பிரிவில் பணியாற்றிய கார்ப்பெண்டர் என்னும் ஆங்கிலேயர் அதற்கு உதவினார். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் கடல் கடந்து வந்த சுருளின் ஒவ்வோர் அடியும் பொன்னுக்கு நிகரானது. வீணாக்க இடமில்லை.

கதைத் தேர்வு

எந்தக் கதையைப் படமாக்குவது என்னும் வினா எழுந்தது. நடராஜ முதலியார் தம் நண்பரும் தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படுபவருமான பம்மல் சம்பந்த முதலியாரின் கருத்தைக் கேட்டார். சுகுண விலாச சபையை நிறுவி நடத்தி, கற்றோரை மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். மகாபாரதத்தின் விராட பருவத்தில் இடம்பெறும் கீசகன் கதையை எடுக்குமாறு அவர் வழிகாட்டினார்.

பாண்டவர்கள் யாரும் அறியாமல் மறைந்து வாழவேண்டிய ஓராண்டில் விராட மன்னனின் அரண்மனையில் வேற்றுருவில் தங்குகின்றனர். பணிப்பெண்ணாக இருக்கும் திரௌபதியை அரசியின் உடன்பிறந்தானும் படைத்தலைவனுமான கீசகன் தகாத முறையில் விரும்புகிறான். மறைவு வெளிப்பட்டால் மீண்டும் வனவாசம். பொறுத்திருந்தால் மானம் போகும். இந்த இக்கட்டில், மடைத்தொழில் செய்யும் வீமன் கீசகனைக் கொன்று திரௌபதியைக் காக்கிறான்.

உறவினர்கள் இக்கதையை எதிர்த்தனர். முதல் முயற்சியே வன்செயலும் கொலையும் கொண்டதாக இருப்பது தகாது என்பது அவர்களின் எண்ணம். நல்ல தொடக்கத்திற்கு மங்கலமான கதை வேண்டும் என்னும் நம் வழக்கத்தை நோக்கின் அவ்வெதிர்ப்பு வியப்பளிப்பதன்று. ஆயினும், மக்கள் நன்கறிந்த கதையே படத்தை மக்களிடம் சேர்க்கும் என்று சம்பந்த முதலியார் அவரைத் தெளிவித்தார். அவர் கூறியதில் ஆழ்ந்த பொருள் இருந்தது. பேசாப்படத்தில் உரையாடல் இல்லை. பார்ப்போர் கதையை முன்பே அறிந்திருந்தால் மட்டுமே முகக்குறிப்பும் கையசைவும் முழுப்பொருள் தரும். தெருக்கூத்திலும் பாரதக் கதைப்பாட்டிலும் கீசகனை அறிந்த மக்களுக்கு, திரையில் அவனை அடையாளம் காட்ட வேண்டிய தேவை எழாது.

நடராஜ முதலியார் எழுத்தாளர் அல்லர். ஆகவே, வழக்கறிஞரும் நெருங்கிய நண்பருமான சி. ரங்கவடிவேலுவின் துணையுடன் திரைக்கதை உருவாயிற்று. காட்சிகளின் தோற்றத்தை அமைக்க ரவிவர்மாவின் ஓவியங்கள் துணைநின்றன. வீட்டுச் சுவர்களில் அச்சுப் படங்களாகத் தொங்கிய அவ்வோவியங்கள், புராண மாந்தர் எவ்வாறு இருப்பர் என்பதைப் பற்றி மக்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு வடிவத்தைப் பதித்திருந்தன.

முப்பத்தைந்து நாள் உழைப்பு

கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தனர். இருவரும் மேடை நடிகர்கள். பெண்கள் திரையில் தோன்றுவதற்குப் பெரிதும் தயங்கிய காலம் அது. பால்கேயின் முதற்படத்தில் அரசி வேடத்தை ஓர் ஆடவரே ஏற்க வேண்டியிருந்தது. அத்தகைய சூழலில் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்று நடித்த ஜீவரத்தினத்தின் துணிவும் இப்படத்தின் வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டியதாகும்.

மேடையில் நடிப்பது வேறு; கருவியின் முன் நடிப்பது வேறு. மேடை நடிகர் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு குரல் உயர்த்துவார். கையை அகல விரிப்பார். இங்குக் குரலுக்கு வேலையில்லை. மிகையான அசைவு திரையில் நகைப்பாகிவிடும். சுகுண விலாச சபையின் மேடைகளில் பெண் வேடங்களில் நடித்துப் பழகிய ரங்கவடிவேலு, நடிகர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார்.

படப்பிடிப்பு ஏறத்தாழ முப்பத்தைந்து நாள்கள் நடைபெற்றது. கதிரவனே விளக்கு. நேரடி வெயில் முகத்தில் கடுமையான நிழலை வீழ்த்தும் என்பதால், தளத்தின் மேற்பகுதியில் மெல்லிய வெள்ளைத்துணியைக் கூரையாகக் கட்டினர். அத்துணியின் வழியே வடிந்து வந்த மென்மையான ஒளியில் காட்சிகள் பதிவாயின.

தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய நான்கு பொறுப்புகளையும் நடராஜ முதலியார் ஒருவரே ஏற்றார். இன்று நான்கு தனித்துறைகளாக வளர்ந்துள்ள பணிகள் அவை.

பெங்களூருப் பயணங்கள்

எடுத்த படச்சுருளைக் கழுவினால்தான் அதில் என்ன பதிவாகியுள்ளது என்பது தெரியும். சென்னையில் அதற்குரிய ஆய்வகம் இல்லை. மேலும், சென்னையின் வெப்பம் படச்சுருளுக்குப் பகை. எனவே, குளிர்ந்த தட்பவெப்பம் கொண்ட பெங்களூருவில் நடராஜ முதலியார் ஓர் ஆய்வகத்தை அமைத்தார்.

வாரம் முழுவதும் புரசைவாக்கத்தில் படப்பிடிப்பு. வார இறுதியில் சுருள்களுடன் பெங்களூருப் பயணம். அங்கே அவற்றைக் கழுவி முடித்துத் திங்கட்கிழமைக் காலையில் மீண்டும் சென்னையில் படப்பிடிப்பு. வாரந்தோறும் இவ்வாறே தொடர்ந்தது. ஐந்து நாள் உழைப்பு வீணாகிவிட்டதா, பயனளித்ததா என்பதை அறிய அவர் ஆறாம் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எடுத்த காட்சியை மறுநொடியே திரையில் காணும் இக்காலத்தவர், அந்தக் காத்திருப்பின் பதற்றத்தைக் கற்பனையில்தான் உணரமுடியும்.

முடிவில் உருவான படத்தின் நீளம் 6,000 அடி. அப்படத்திற்குக் 'கீசக வதம்' என்று பெயர் சூட்டப்பட்டது.

தெரியுமா?

35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடி நீளத்திற்குப் பதினாறு படங்கள் இடம்பெறும். பேசாப்படங்கள் நொடிக்குப் பதினாறு படங்கள் என்னும் வேகத்தில் பதிவுசெய்யப்பட்டன. ஆகவே, ஓர் அடிச்சுருள் ஒரு நொடி ஓடும். 6,000 அடி கொண்ட 'கீசக வதம்' அவ்வேகத்தில் 6,000 நொடிகள், அதாவது 100 நிமிடங்கள் ஓடும். அப்படத்தில் இருந்த தனித்தனிப் படங்களின் எண்ணிக்கை 96,000.

எழுத்தால் பேசிய படம்

பேசாப்படத்தில் காட்சிகளுக்கிடையே எழுத்தட்டைகள் காட்டப்படும். கதையின் போக்கையும் இன்றியமையாத உரையாடலையும் அவை தெரிவிக்கும். 'கீசக வதம்' மூன்று மொழிகளில் எழுத்தட்டைகளைக் கொண்டிருந்தது. தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் எழுதினார். இந்தியில் எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. 1918ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து இந்தி கற்பித்தவர் இவர். ஆங்கில எழுத்தட்டைகளை நடராஜ முதலியார், குருசாமி முதலியார், பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் திருவேங்கட முதலியார் ஆகியோரின் துணையுடன் தாமே எழுதினார்.

மோட்டார் வணிகர், வழக்கறிஞர், நாடக ஆசிரியர், கல்லூரிப் பேராசிரியர், விடுதலைப் போராட்டத் தலைவரின் மகன், ஆங்கிலேயப் பயிற்றுநர் எனப் பலதுறை மனிதரும் ஒரு படத்திற்காகக் கைகோத்தனர். திரைப்படம் தனியொருவரின் படைப்பன்று, கூட்டுக்கலை என்னும் உண்மை தமிழ்த் திரையின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது.

எழுத்தறியாத மக்கள் பெருந்தொகையாக இருந்த காலம் அது. ஆகவே, திரையரங்குகளில் ஒருவர் திரையருகே நின்று எழுத்தட்டைகளை உரக்கப் படித்துக் கதையை விளக்கும் வழக்கம் இருந்தது. படம் பேசவில்லை, ஆனால், அரங்கம் பேசாதிருக்கவில்லை.

கடல் கடந்த வெற்றி

'கீசக வதம்' சென்னை எல்பின்ஸ்டன் திரையரங்கில் முதலில் திரையிடப்பட்டதாக வரலாற்றாசிரியர் எஸ். முத்தையா குறிப்பிடுகிறார். வெளியான ஆண்டு குறித்து ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 1916, 1917, 1918 என மூன்று ஆண்டுகளும் குறிப்பிடப்படுகின்றன. தமிழ்த் திரையின் பிறந்தநாளையே உறுதியாகச் சொல்ல இயலாத நிலை, நாம் ஆவணங்களைப் பேணத் தவறியதன் விளைவாகும்.

படத்தை உருவாக்க 35,000 ரூபாய் செலவாயிற்று. இந்தியாவில் மட்டுமன்றிப் பர்மா, இலங்கை, மலாய் நாடுகள், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் அது திரையிடப்பட்டது. தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் உழைக்கச் சென்ற தமிழர்கள் வாழ்ந்த நிலங்கள் அவை. தாய்நாட்டுக் கதையைத் தம்மவர் நடிக்கக் கண்ட அவர்களின் ஆதரவு படத்தின் வெற்றிக்குத் துணைபுரிந்திருக்க வேண்டும். மொத்த வருவாய் 50,000 ரூபாய். 15,000 ரூபாய் ஊதியமாகக் கிடைத்தது. படம் கலைநோக்கிலும் பாராட்டைப் பெற்றது. நண்பர்களின் நம்பிக்கை பொய்க்கவில்லை.

தொடர்ந்த படைப்புகள்

முதல் வெற்றி அடுத்த முயற்சிகளுக்கு வழிகோலியது. 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா', 'சிவ லீலா', 'ருக்மணி சத்தியபாமா', 'மயில் ராவணன்' ஆகிய படங்களை நடராஜ முதலியார் அடுத்தடுத்து உருவாக்கினார். இவையனைத்தும் இதிகாச, புராணக் கதைகளே. 'திரௌபதி வஸ்திராபகரணத்தில்' திரௌபதியாக ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஒருவர் நடித்தார். பேசாப்படத்தில் மொழி தடையாக இல்லை என்பதால் இத்தகைய தேர்வு இயல்வதாயிற்று.

இக்காலத்தில் அரசும் திரைப்படத்தின் ஆற்றலை உணர்ந்தது. 1918ஆம் ஆண்டில் இந்தியத் திரைப்படச் சட்டம் இயற்றப்பட்டது. 1920ஆம் ஆண்டு முதல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் செயல்படத் தொடங்கின. வேடிக்கைப் பொருளாகக் கருதப்பட்ட ஒன்று, கண்காணிக்கப்பட வேண்டிய பொருளாக மாறியது.

நடராஜ முதலியார் காட்டிய வழியில் பிறரும் நடந்தனர். ரகுபதி வெங்கையாவின் மகன் ஆர். பிரகாஷ் 1921ஆம் ஆண்டில் 'பீஷ்ம பிரதிக்ஞை' என்னும் படத்தை எடுத்தார். மலையாளத் திரையின் முன்னோடியான ஜே.சி. டேனியலுக்கும் நடராஜ முதலியாரின் முயற்சி ஊக்கமளித்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம் என இன்று தனித்தனியே பரந்து நிற்கும் திரைத்தொழில்களுக்கு மில்லர்ஸ் சாலைத் தளம் ஒரு நாற்றங்காலாக விளங்கியது.

நெருப்பும் இழப்பும்

அன்றைய படச்சுருள் நைட்ரேட் செல்லுலோசால் ஆனது. எளிதில் தீப்பற்றும் தன்மை கொண்டது. பற்றிவிட்டால் நீரூற்றினாலும் அணையாது. உலகின் பல நாடுகளிலும் படப்பிடிப்புத் தளங்களும் கிடங்குகளும் திரையரங்குகளும் இதனால் சாம்பலாயின. திரைக்கலைக்கு உயிர் கொடுத்த பொருளே அதற்குக் கூற்றாகவும் அமைந்தது.

1923ஆம் ஆண்டு நடராஜ முதலியாரின் வாழ்க்கையில் பேரிடியாக அமைந்தது. அவருடைய நிறுவனத்தைத் தீ அழித்தது. தம் மகனையும் அவர் இழந்தார். உழைப்பால் எழுப்பிய தொழிற்கூடத்தை மீண்டும் எழுப்பலாம். வாங்கிய கருவியை மீண்டும் வாங்கலாம். மகனின் இழப்பை எதனாலும் ஈடுசெய்ய இயலாது. அவர் திரைத்துறையிலிருந்து முற்றிலும் விலகினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

மீண்டும் ஒருமுறை முயன்றிருக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். விழுந்தவர் எழவேண்டும் என்பதே வாழ்க்கை வரலாறுகள் வழக்கமாகக் கூறும் அறம். ஆயினும், எழாமல் ஒதுங்கி நின்றவரின் துயரத்தையும் மதிக்கக் கற்பது அதனினும் பெரிய அறம். தம் கலை தம்மிடமிருந்து என்ன விலை கேட்டது என்பதை அவர் மட்டுமே அறிவார்.

விலகியிருந்த அரை நூற்றாண்டு

அதன்பின் நடராஜ முதலியார் ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். திரைத்துறையில் அவர் செலவிட்டவை எட்டு ஆண்டுகளே. அவ்விதை மரமானதை அவர் விலகி நின்றே கண்டார்.

1931ஆம் ஆண்டு அக்டோபரில் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. வடசென்னையின் தங்கசாலைப் பகுதியிலிருந்த கினிமா சென்ட்ரல் அரங்கிற்கு அப்படப் பெட்டி வந்தபோது மக்கள் அதனைப் பூத்தூவி ஊர்வலமாக வரவேற்றனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூருவிலிருந்து நடராஜ முதலியார் தம் சுருள்களைக் கொண்டுவந்தபோது அத்தகைய வரவேற்பு ஏதும் இருந்ததில்லை.

பாகவதரின் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. ஜெமினி, ஏவிஎம் எனப் பெருநிறுவனங்கள் எழுந்தன. கோடம்பாக்கம் திரைநகரமாயிற்று. நாடு விடுதலை பெற்றது. திரைப்படங்களுக்குக் கதையும் உரையாடலும் எழுதிய அறிஞர் அண்ணா 1967ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். ஒரு வெள்ளைத்துணிக் கூரையின்கீழ்த் தொடங்கிய கலை, ஒரு மாநிலத்தின் ஆட்சிப்போக்கையே வகுக்கும் ஆற்றலைப் பெற்றதை நடராஜ முதலியார் தம் வாழ்நாளிலேயே கண்டார். 1971ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

எஞ்சியிருப்பது

நடராஜ முதலியார் எடுத்த படங்களுள் 'கீசக வதத்தின்' ஒரு படியும் இன்று கிடைக்கவில்லை. 96,000 படங்களும் மறைந்துவிட்டன. ஜீவரத்தினத்தின் முகக்குறிப்பையோ ராஜு முதலியாரின் நடையையோ இனி எவரும் காண இயலாது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. இந்தியாவில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பேசாப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை மிகச்சிலவே. பேசும்படம் வந்தபின் பேசாப்படங்களுக்கு மதிப்பில்லை என்று பலர் கருதினர். பல சுருள்கள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்தன. 1964ஆம் ஆண்டில்தான் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது. அது அமைந்த ஊர், நடராஜ முதலியார் ஒளிப்பதிவு கற்ற அதே பூனா நகரம். காப்பகம் வந்தபோது அவருடைய படம் இல்லை.

ஓலைச்சுவடிகளைக் கறையானிடமிருந்தும் நெருப்பிடமிருந்தும் மீட்க உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த அதே காலத்தில், புதிதாகத் தோன்றிய மற்றொரு கலைச்செல்வம் நம் கண்முன்னே அழிந்துகொண்டிருந்தது. பழமையைப் பேணவேண்டும் என்பதை நாம் அறிந்திருந்தோம். இன்றைய பொருளே நாளைய பழமை என்பதை அறியத் தவறினோம்.

படம் மறைந்தாலும் பாதை மறையவில்லை. படச்சுருளைக் கடல் கடந்து வரவழைத்த துணிவு, வயது கருதாமல் மாணவராகிய பணிவு, வாரந்தோறும் மேற்கொண்ட பயணத்தின் உறுதி, பலதுறையினரை ஒன்றிணைத்த பண்பு ஆகியவை அவர் விட்டுச்சென்ற செல்வங்கள். இன்று தமிழில் எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் அவர் தொடங்கிய பயணத்தின் தொடர்ச்சியே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பிருந்து இன்று மறைந்துபோன திரையரங்குகளைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

2. கீசகன் கதையை உரையாடலின்றி, முகக்குறிப்பாலும் எழுத்தட்டைகளாலும் மட்டும் வகுப்பறையில் நடித்துக் காட்டுக.

3. உங்கள் குடும்பத்தில் உள்ள பழைய ஒளிப்படங்கள், கடிதங்கள், குறிப்பேடுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றைப் பாதுகாக்கும் வழிகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.

4. பேரிழப்பிற்குப் பின் கலையிலிருந்து விலகிய நடராஜ முதலியாரின் முடிவு குறித்து உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.